யாராச்சும் வந்து கேட்டாங்களா

1

நான் ரங்கோனுக்குப் படிக்க வந்து இன்றோடு ஆறு வருஷம் முடிகிறது. யாங்கோன் என்றுதான் சொல்லவேண்டும், ஆபீசில் அப்படித்தான் சொல்கிறேன். இந்த வீட்டுக்குள் மட்டும் இன்னும் ரங்கோன்தான். ஆறு வருஷத்துக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பலாமே, ஊரில் நாலு பேர் படித்துச் சிரிக்கட்டுமே என்று காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்தேன்.

பஸ்ஸைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். இங்கே வண்டியெல்லாம் ரோட்டின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். ஜப்பான்காரர்கள் ஓட்டி ஓய்ந்த பஸ்களை வாங்கி விட்டிருக்கிறார்கள். அதனால் படிக்கட்டு நடுரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. குலசாமியை வேண்டிக்கொண்டுதான் இறங்கவேண்டும். வந்த புதிதில் ஒருதரம் நான் இந்தப் பக்கம் இறங்க, அந்தப் பக்கம் வந்த லாரிக்காரன் என்னைத் திட்டிய திட்டில் பர்மியமொழியின் பாதி இலக்கணம் எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்தது டீக்கடை. இங்கே சப்ளையரைக் கூப்பிட, முத்தம் கொடுப்பதுபோல உதட்டைக் குவித்துச் சத்தம் எழுப்புவார்கள். முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டேன். பக்கத்து மேசைக் கிழவர் தன் டீக்காகத்தான் அப்படிக் கூப்பிட்டார் என்று தெரிந்தபோது, கழற்றின செருப்பைத் துடைப்பதுபோல நடித்தேன்.

இப்படி இரண்டு பாரா எழுதியிருப்பேன். வாசலில் கார் சத்தம் கேட்டது.

எங்கள் சந்துக்குள் கார் வராது. சைக்கிள் ரிக்‌ஷா வரும், கறிகாய்க் கூடைக்காரி வருவாள். கார் வந்து நின்றது பக்கத்து வீட்டில், கோ மின் வீட்டில். ஆகவே இந்தக் குறிப்பு நான் நினைத்த வழியில் போகாது. ஆட்கள், பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன், எந்தச் சந்து என்று சொல்லப்போவதில்லை. தாகேதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், அது பெரிய பேட்டை.

2

முதலில் இந்த வீட்டாரைச் சொல்லிவிடுகிறேன். சுப்பையா மாமாவும் ராஜம் அத்தையும் எனக்குச் சொந்தமில்லை. பர்மியமொழி படிக்க உதவித்தொகை கிடைத்து நான் கிளம்பியபோது, எங்கள் கும்பகோணத்துத் தெருவில் இருந்த ஒரு பர்மா அகதிக் குடும்பம் இவர்கள் விலாசத்தைக் கொடுத்தது. மாமாவின் தாத்தா துறைமுகக் கூலியாகக் கப்பலேறியவர். மாமா போட்டாதாங் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், மூட்டை எண்ணிக் குறிக்கிற வேலையில் இருந்தார். அங்கே அவருக்குப் பர்மியப் பெயர், ஊ மியா. இவர்களுக்கு ஒரே பெண், கலா. கலாவுக்குத் தமிழ் புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். அம்மா தமிழில் திட்டுவாள், பெண் பர்மியத்தில் எதிர்த்துப் பேசுவாள். நடுவில் உட்கார்ந்து நான் இரண்டு மொழியும் கற்றுக்கொண்டேன்.

வெளிநாட்டுக்காரி ஒருத்தி தனியார் வீட்டில் தங்குவதற்கு இங்கே அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. பல்கலைக்கழகத்தில் சொல்லி, குடியேற்ற அலுவலகத்தில் சொல்லி, கடைசியில் வார்டு அலுவலகத்தில் நானும் மாமாவும் ஒரு பெஞ்சில் பாதி நாள் உட்கார்ந்திருந்தோம். எந்தக் காலத்திலோ கல்யாணமாகி இந்தியாவுக்குப் போன தங்கையின் மகள் என்று மாமா சொல்லிவிட்டார். வார்டுக்காரர் என் முகத்தையும் மாமா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கறுப்பில் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று முடிவு செய்திருப்பார்.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன என் கல்லூரித் தோழி மின்னஞ்சலில் ஒரே புலம்பல். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று வருஷக்கணக்கில் தெரியாதாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்களாம், மழையைப் பற்றி மட்டும் பேசுவார்களாம். பாவம்டி நீ என்று நான் பதில் போட்டேன். இங்கேயோ சந்து முனை வரை போவதற்குள் எங்கே போறே, சாப்பிட்டாச்சா, குடை எடுத்துக்கிட்டியா, இன்னும் ஏன் கல்யாணம் ஆகல என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிடுவார்கள். நம்ம ஊரேதான் என்று எனக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு கேட்கிறவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

எதிர்வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். வாத்தியாரை இங்கே சயா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு என் உச்சரிப்பைத் திருத்துவார். ரொம்பப் பொறுமைசாலி. நான் என்ன சொன்னாலும் முதலில் சரி என்பார், பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, இன்னும் சரியாகவும் சொல்லலாம் என்பார். அவர் மனைவி மா நுவே என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். பொட்டுத் தமிழ் தெரியாது. ராஜம் அத்தையோடு மட்டும் கையையும் காலையும் ஆட்டி மணிக்கணக்கில் பேசுவாள்.

நான் வந்த மறுவருஷம், மழை ஓய்கிற சமயம், ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல லுங்கி, இஸ்திரி போட்ட சட்டை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க சயா என்றார்கள். ராணுவ உளவுக்காரர்கள் ஆளைக் கொண்டுபோவதற்கு இங்கே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், நம் கணநேரத்தில் வருகிற அதே கணம். சயா சட்டை மாற்றிக்கொண்டு, மா நுவேயிடம் ஏதோ சொல்லிவிட்டு, காரில் ஏறினார். டியூஷன் பிள்ளைகள் வந்து திண்டாடிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் நடந்தது. சயா வீட்டு வாசலைக் கடக்கிறவர்கள் குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார்கள், மழை இல்லாதபோதும். மா நுவே குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடம் நிரம்பாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். என்னிடம் எங்கே போறே, சாப்பிட்டாச்சா என்று கேட்பதை நிறுத்தவில்லை. அவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கோழைகள் என்று நான் வீட்டில் வந்து பொரிந்தேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போயிடுவே, அவங்க இங்கதான் இருக்கணும் என்று மட்டும் சொன்னார்.

4

ராஜம் அத்தைக்கு ராத்தூக்கம் போய்விட்டது. எதிர்வீட்டில் ஒன்று நடந்திருக்கிறது, ஒரு எட்டுப் போய் விசாரிக்காமல் இருப்பதென்றால் அவளுக்கு அது மலத்தை மிதித்த காலோடு நடமாடுவது மாதிரி. அவள் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஆனால் யார் வீட்டுக்கு எப்போது போகவேண்டும், எப்படிப் போகவேண்டும், என்ன பேசவேண்டும் என்பதையெல்லாம் அவள் அம்மா ஊட்டி வளர்த்திருக்கிறாள். மாமா போகவே கூடாது என்றுவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்.

மாமா வேலைக்குப் போனதும் அத்தை என்னை உட்காரவைத்துக் கேட்டாள். பழம் கொண்டு போகலாமா? அது நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி ஆகிவிடும். வெறுங்கையோடு போகலாமா? அது எழவு வீட்டுக்குப் போகிற மாதிரி. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு அப்படிச் செய்யலாமா? பூ, மஞ்சள் எதுவும் ஆகாது. பொம்பளை கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்று அரைநாள் குழம்பினாள். ஆளைக் கூட்டிக்கொண்டுபோன வீட்டுக்கு என்று நம் வழக்கத்தில் ஒன்றும் இல்லையே. கடைசியில் இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது என்றாள்.

என்னை வரவிடவில்லை. நீ வந்தால் வேறு மாதிரி ஆகிவிடும், நீ இந்தியா பாஸ்போர்ட் என்றாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். பட்டப்பகலில், சந்தின் நடுவே, தலை நிறைய எண்ணெய் வைத்துப் படியச் சீவி, தூக்கை ஆட்டிக்கொண்டு நடந்தாள். திரும்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வரேன், நுவே. போயிட்டு வரேன்" என்று சந்து பூராவும் கேட்கத் தமிழில் சொன்னாள். மா நுவேக்கு அது புரிந்திருக்காது. செத்த வீட்டில்தான் சொல்லாமல் கிளம்புவோம், அதனால் சொல்லாமல் வரமாட்டேன் என்று இவள் கங்கணம் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். சொன்ன பிறகு போகாமல் இருக்கமுடியுமா? மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

மாமாவுக்குத் தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

5

அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதே போல இஸ்திரிச் சட்டை, அதே மரியாதை. என்னிடம் பல்கலைக்கழகம் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள், படிப்பு பிடித்திருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள். வீட்டு ஆம்பளை என்று மாமாவை எழுப்பினார்கள். அங்கே போனது நான்தானே, என்னைக் கூட்டிப்போங்கள் என்று அத்தை பர்மியத்தில் மன்றாடினாள். கொஞ்ச நேரம்தான் அம்மா, பயப்படாதீங்க என்றார்கள்.

மாமா குளிர்காலம் தொடங்கித்தான் திரும்பினார்.

நடுவில் இருந்த அந்த நாட்களைப் பற்றி நான் ஊருக்கு எழுதியதே இல்லை. அம்மா வாரம் ஒருதரம் போனில் கூப்பிடுவாள், முக்குக்கடை மேசையில் இருக்கிற போன், சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் சௌக்கியமா என்பாள், சௌக்கியம் என்பேன். மாமா எங்கே, பேசச் சொல்லு என்பாள், வேலைக்குப் போயிருக்கிறார் என்பேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தை முன்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். காலையில் பெருக்குவாள், மத்தியானம் பெருக்குவாள். யாராவது வந்தால் உட்கார இடம் சுத்தமாக இருக்கவேண்டுமாம். ஒருத்தரும் வரவில்லை. சந்துக்காரர்கள் வரவில்லை, ஜெட்டியில் கூட வேலை செய்தவர்கள் வரவில்லை, கோயிலில் முன்வரிசையில் நிற்கிற நம் தமிழ்ச் சனங்களில் ஒரு குஞ்சுகூட வரவில்லை. மா நுவே அதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ தூரத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், இல்லையென்றால் அவள் வந்திருப்பாள் என்று அத்தை சத்தியம் செய்வாள். தேதி இல்லாமல் நாள் போயிற்று. குடைகள் எங்கள் வாசலைப் பார்த்துச் சாய்ந்தன.

திரும்பிய அன்று மாமா வெந்நீரில் குளித்தார், சோறு சாப்பிட்டார், ரொம்பக் குறைவாகச் சாப்பிட்டார். கை அலம்பிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், அத்தையிடம் கேட்டார். "நான் இல்லாதப்ப யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"வராம? தெருவே வந்துச்சுங்க. பதில் சொல்லியே எனக்கு வாய் வலிச்சுப்போச்சு" என்றாள் அத்தை.

ம் என்றார். அங்கே என்ன நடந்தது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஜெட்டி வேலை போயிற்று. அவர் வீட்டோடு இருந்து ஊதுபத்திப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தார். கலா ஒரு வருஷம் பொறுத்தாள், பிறகு சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன் செய்தால் மழை உண்டா, கரண்ட் உண்டா என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்வார்கள். அதற்குமேல் பேச இருவருக்கும் தெம்பு இல்லை. நான் படிப்பு முடிந்தும் ஊருக்குப் போகவில்லை. உளுந்து ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. நீங்கள் காலையில் சாப்பிட்ட இட்லியின் உளுந்துக்கு நான் கடிதம் போட்டிருக்கலாம். இவர்களை விட்டுப் போக மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

சயா இன்னும் வரவில்லை.

6

இனி இன்றைக்குக் காலை. கோ மின் டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பையன்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும், கைக்குழந்தை இருக்கிறது. எதை நகல் எடுத்துக் கொடுத்தான், யாருக்குக் கொடுத்தான், ஒன்றும் எனக்குத் தெரியாது. பலகைச் சுவர், அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். கொஞ்ச நேரம் வந்துட்டுப் போங்க என்று ஒரு குரல் சொன்னது. கோ மின் செருப்பைத் தேடினான். கார் பின்னாலேயே நகர்ந்து சந்தை விட்டு வெளியே போனது.

அத்தை எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அவள்தான் சாத்தினாள், வேறு யாரும் இல்லை. சாத்திவிட்டு என்னிடம் ரேடியோவைப் போடச் சொன்னாள். பாட்டு ஓடியது. பாட்டுக்கு நடுவே, சுவருக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண் அழுகிறாளா என்று நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். அவள் அழவில்லை. பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். குழந்தை மட்டும் அவ்வப்போது சிணுங்கியது.

மத்தியானம் வரை சந்தில் கூடைக்காரிகூட வரவில்லை. அத்தை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நான் போகப்போவதில்லை, நான் போகப்போவதில்லை என்று கேட்காதவர்களிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒருதரம் போய் நான் பட்டது போதும், இந்த வயசில் இவரை மறுபடி கொண்டுபோனால் திரும்பி வரமாட்டார், உடம்பில் என்ன இருக்கிறது என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை. எனக்கும் அதேதான் பயம். என் விசா அடுத்த மாதம் புதுப்பிக்கவேண்டும், அந்தப் பயம் தனி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் போகாமல் இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

மாமா ஊதுபத்தித் தட்டை ஓரமாக நகர்த்தினார். எழுந்து போய்க் குளித்தார். கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தான் மாட்டினார். எங்கே என்று அத்தை கேட்டாள். பக்கத்து வீட்டுக்கு என்றார்.

அத்தை வாசற்படியில் குறுக்கே நின்றுவிட்டாள். அன்னைக்கு நான் போனப்ப என்னைத் தடுத்தீங்களே, இன்னைக்கு நான் தடுக்கிறேன், போகக்கூடாது என்றாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா ரேடியோவை நிறுத்தினார். அவர் பேசியது மெதுவாகத்தான், ஆனால் பலகைச் சுவர், பக்கத்து வீட்டிலும் கேட்டிருக்கும்.

"உள்ள இருந்தப்ப அடிச்சாங்களா, சோறு போட்டாங்களான்னு நீ கேக்கவே இல்ல, நானும் சொல்லல. அதெல்லாம் மறந்துபோச்சு. ஒண்ணுதான் ராவும் பகலும் நெனச்சுக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு யாராச்சும் வந்து கேட்டிருப்பாங்களா, ராஜம் ரெண்டு பொண்ணுங்களையும் வச்சுக்கிட்டு ஒத்தையில உக்காந்திருக்காளே, யாராச்சும் வந்திருப்பாங்களான்னு."

"நான்தான் சொன்னேனே, எல்லாரும்…"

"தெருவே வந்திருந்தா, நான் திரும்பி வந்தப்ப தெருவுல ஒருத்தனாச்சும் என் முகத்தைப் பாத்திருப்பான், ராஜம்."

அத்தை நிலையிலிருந்து கையை எடுத்தாள். மாமா அவளைத் தொடாமல், ஒருக்களித்து, வாசலைத் தாண்டிப் போனார். பக்கத்து வீட்டுக் கதவை அவர் தட்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் யாரும் திறக்கவில்லை. பிறகு திறந்தார்கள்.

7

எதிர்ச்சாரியில் இரண்டு ஜன்னல் சாத்திக்கொண்டன. சந்து முனையில் நின்றிருந்த ஒருத்தர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார். வீட்டுக்குப் போகிறாரா, வேறு எங்காவது போகிறாரா என்று சொல்லமுடியாது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். அடுப்பில் இருந்த சோற்றை இறக்கினாள். குழந்தைக்காரி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று, குழம்பையும் சோற்றையும் ஒன்றாகவே ஒரு பாத்திரத்தில் போட்டு மூடினாள். நானும் வருகிறேன் என்று எழுந்தேன். அன்றைக்குப் போல பாஸ்போர்ட் பேச்சை எடுப்பாள் என்று நினைத்து, சண்டை போடத் தயாராகவே எழுந்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ வீட்ல இரு, கண்ணு. நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் இல்லாமப் போயி, யாராச்சும் வந்து கேட்டா, வாங்க, உக்காருங்கன்னு சொல்ல வீட்ல ஒரு ஆள் வேணும்."

அவள் போய் வெகுநேரம் ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது அந்தப் பெண் வாய்விட்டு அழுகிறாள். மாமா குரலும் அத்தை குரலும் மாறி மாறிக் கேட்கின்றன. நான் முன்கூடத்தில் பாயை விரித்துவிட்டேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது, சந்தில் யாரும் நடமாடவில்லை. கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.